பன்னிரண்டாம் எழுத்துக்குப் பிறகு

கண்ணுகளா, புரோகிராம் எழுதுவதில் நீங்கள் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். பாராட்டுவதற்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். ஒரு ஸ்ட்ரிங்கை, அந்த எழுத்து வரிசையை, எங்கே வெட்டுவது, ஒரு லிஸ்ட்டில் நடுவிலிருந்து நாலை மட்டும் எப்படி உருவுவது என்று நான் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு கற்றதை, நீங்கள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறீர்கள். போன மாதம் பழைய ஆபீசை எட்டிப் பார்க்க வந்திருந்தேன் அல்லவா, அன்றைக்கு உங்களில் ஒருத்தி தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். எங்கிருந்தோ வரும் நீளமான வரியை ஒரே வெட்டில் சுருக்கியிருந்தாள். "தேவையானத மட்டும் எடுத்துட்டேன் மேடம், மீதி குப்பை" என்றாள்.

அந்தக் 'குப்பை' என்ற சொல் வீடு வரை என் கூடவே வந்தது. காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவள் தப்பாக எதுவும் செய்யவில்லை. அதே வேலையை அதே மாதிரி செய்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்கு: நான் சேலத்துக்காரி. அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடை. நான் கம்ப்யூட்டர் படித்து, நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன மென்பொருள் ஆபீசில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே கிடந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். புதுச்சத்திரம் வரும்போது தூங்கி, நாமக்கல் கோட்டை தெரியும்போது விழிப்பேன். லாரிக்காரர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள், போர்வெல் வண்டிக்காரர்கள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். கோபக்காரி என்று எனக்குப் பெயர் உண்டு. பொய்யில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்த ஒரு முதலாளிக்கு நாங்கள் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். வாட்ஸ்அப் எல்லோர் கைக்கும் வராத காலம். அவருக்கு ஆறு யூனிட். ஒரு யூனிட் என்றால் இரண்டு லாரி. துளை போடுகிற மெயின் வண்டி ஒன்று, துளைக்குள் இறக்கும் இரும்பு ராடும் சாமானும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வரும் சப்போர்ட் வண்டி ஒன்று. இரண்டும் எங்கே போனாலும் ஒன்றாகத்தான் போகும். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் ஆட்கள் திரும்பி வர நாலு மாதம், ஐந்து மாதம் ஆகும்.

ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதலாளி ஒரு பட்டன் போன் கொடுத்திருந்தார். தினமும் வேலை முடிந்ததும் அதிலிருந்து ஒரு மெசேஜ் எங்கள் சர்வருக்கு வரவேண்டும். சரியாகப் பன்னிரண்டு இலக்கம். யூனிட் எண் இரண்டு, ஊர்க் குறியீடு மூன்று, அன்றைக்குப் போட்ட ஆழம் நான்கு, மிச்சம் இருக்கும் டீசல் மூன்று. என் புரோகிராம் அதை வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி, திருச்செங்கோட்டில் முதலாளி ஆபீசில் இருக்கும் திரையில் கட்டம் கட்டமாகக் காட்டும். எந்த யூனிட், எந்த ஊர், எத்தனை அடி, எவ்வளவு டீசல், எத்தனை மணிக்குச் செய்தி வந்தது. அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் சில மெசேஜ்களில் பன்னிரண்டுக்கு மேல் ஏதேதோ எழுத்துகள் வந்து டீசல் கட்டத்தில் குளறுபடி ஆனது. பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே, பட்டன் போனில் கை பட்டு ஏதோ அழுந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் வரியிலேயே [:12] என்று ஒரு வெட்டு போட்டேன். ஆரம்பத்திலிருந்து பன்னிரண்டு எழுத்து மட்டும் எடு, மற்றதை விடு என்று அதற்கு அர்த்தம். குளறுபடி நின்றது. எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமை, பக்கத்து மேசைக்காரருக்கு என் செலவில் போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பக்கத்து மேசைக்காரர் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். "வந்தத வந்தபடியே ஒரு இடத்துல போட்டு வைங்க. அப்புறம் எப்படி வேணாலும் வெட்டுங்க" என்பார். அவர் நச்சரிப்புக்காகத்தான் வருகிற மெசேஜை எல்லாம் வெட்டுவதற்கு முன்னால் அப்படியே ஒரு கோப்பில் சேர்த்து வைத்தேன். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை. எங்கள் அத்தா கடையில்கூட துணி கிழித்த பிறகு மிஞ்சும் துண்டுகளைத் தனியாக ஒரு கூடையில் போட்டு, வாரம் ஒருநாள் தானே உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார். அந்த வீட்டில் பிறந்த எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

திருச்செங்கோட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் பூங்கொடி. பிளஸ் டூ படித்தவள். வயது முப்பதுக்குள். ரிக்கில் போன ஆட்களின் வீட்டுக்காரிகள், அம்மாக்கள் எல்லோரும் அந்த ஆபீசுக்குத்தான் போன் செய்வார்கள். இவள் திரையைப் பார்த்துச் சொல்வாள்: "நல்லா இருக்கறாருங்க, இன்னைக்கு ஐநூறு அடி போட்டிருக்கறாங்க, வெசனப்படாதீங்க." திரையில் ஆள் நன்றாக இருக்கிறாரா என்பதற்குக் கட்டமே கிடையாது. அடிக் கணக்கைப் பார்த்துத்தான் அவளாகச் சொல்வாள்.

அவளுடைய வீட்டுக்காரர் வேலு நாலாம் யூனிட்டில் துளை போடுகிற டிரில்லர். அந்த யூனிட்டின் மெசேஜை அனுப்புகிறவரும் அவர்தான். என்னிடம் திரையைப் பற்றிப் புகார் சொல்ல வாரத்துக்கு இரண்டு தடவையாவது பூங்கொடி போன் செய்வாள். புகார் ஒரு நிமிடம், பேச்சு இருபது நிமிடம். அவள் சிரிப்புக்காகவே சில தப்புகளை நான் மெதுவாகத் திருத்தினேன் என்றால் நம்புவீர்களா?

ஒருநாள் கேட்டேன், "வேலு போன்ல என்ன பேசுவாரு?"

"அவரா? ஞாயித்துக்கெழமை கூப்புடுவாருங்க. எங்க ஊட்டுல போனு மாமனாரு சட்டை ஜோப்புலதான் இருக்கும். அந்தப் பக்கம் பத்துப் பேரு, இந்தப் பக்கம் நாலு பேரு. 'பாப்பா தின்னுச்சா, மாடு ஈனிருச்சா' அவ்வளவுதானுங்க. வருசத்துல பத்து மாசம் வெளியூரு. எனக்குன்னு ஒரு வார்த்தை கெடையாது. கல்லுல ஓட்ட போட்டுப் போட்டு மனுசனும் கல்லாயிட்டாருங்க மேடம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் அடுத்த அறையிலிருந்துகொண்டே நாள் முழுக்கப் பேசாதவர், அதனால் அவளை எனக்கு நன்றாகப் புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நாலாம் யூனிட்டிலிருந்து மெசேஜ் வந்தது. அதுவரை அவர்கள் சத்தீஸ்கரில் ஒரு காட்டுக்குள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அங்கே ஒரு வாரமாக அடைமழை என்று தெரிந்து, முதலாளி வீட்டில் எல்லோரும் கவலையில் இருந்தார்கள். மெசேஜில் வந்த ஊர்க் குறியீடு காட்டுக்கு வெளியே தார் ரோட்டில் இருக்கும் ஊரைக் காட்டியது. ஆழம் சைபர். முதலாளி, "பசங்க வெளிய வந்துட்டானுக" என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். பூங்கொடியும் அந்த யூனிட் ஆட்களின் பத்து வீட்டுக்கும் போன் செய்து சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், இன்னைக்கும் ஆழம் சைபருன்னே வந்திருக்குதுங்க. ஊரும் அதே ஊருதான். கூப்புட்டா லைனு கெடைக்கறதில்ல."

"மழைன்னா வேலை நடக்காதும்மா. சைபர்தான் வரும்."

"அதில்லீங்க. இது அவரு அனுப்புன மெசேஜு இல்லீங்க மேடம்."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"அவரு பொழுதோட அஞ்சரைக்குத்தானுங்க அனுப்புவாரு. மூணு வருசமா அஞ்சரை தப்புனதில்ல. நேத்துப் பதனோரு மணி, இன்னைக்குக் காத்தால எட்டுக்கு ஒண்ணு, பன்னண்டுக்கு ஒண்ணு. ஒரே நம்பர எதுக்குங்க மூணு தடவ அனுப்போணும்? நீங்க ஒருக்காப் பாருங்களேன்."

அன்றைக்கு எனக்கு ஒரு கோழிப்பண்ணைக்காரருடன் காலையிலிருந்து மல்லுக்கட்டு. எரிச்சலில் இருந்தேன். "பூங்கொடி, யார் அனுப்புனா என்ன, நம்பர் சரியா வந்திருக்கில்ல? புரோகிராம் பொய் சொல்லாது. சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு பக்கத்து மேசைக்காரரிடம், "வீட்டுக்காரர் நினைப்பு வந்துட்டா சர்வர் மேல பழியப் போடறாங்க" என்றுகூடச் சொன்னேன். நாக்கில் சூடு வைக்க வேண்டும் எனக்கு.

வியாழக்கிழமை காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கி மாடிப்படி ஏறினால், மேல்படியில் பூங்கொடி உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வருடப் பேச்சில் அன்றுதான் முகத்தைப் பார்த்தேன். குரலைக் கேட்டு நான் நினைத்து வைத்திருந்ததைவிட ஒல்லி. முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருக்கிறாள், பச்சைத் தண்ணி குடிக்கவில்லை.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. திரையில வேண்டாம். அங்கிருந்து வந்தது வந்தபடியே எனக்குக் காட்டுங்க. பாத்துட்டுப் போயிர்றேன்" என்றாள்.

அந்தக் கோப்பைத் திறந்தேன். நாலாம் யூனிட்டின் கடைசி மூன்று வரிகளுக்கும் பன்னிரண்டு இலக்கத்துக்குப் பிறகு நீளமாக வால் இருந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தார்கள். அவளுக்குக் கேட்கும்படி படித்தேன்.

'சப்போர்ட் வண்டி மட்டும் பாலம் தாண்டிருச்சு. மெயின் வண்டி அக்கரையில். வேலு அண்ணன் கை ராடுல மாட்டி நசுங்கிருச்சு. தண்ணி எறங்கலை. ஆள் அனுப்புங்க.'

பிறகு விசாரித்தபோது எல்லாம் விளங்கியது. திங்கட்கிழமை மாலை ராடு கழற்றும்போது வேலுவின் வலது கை மாட்டிக்கொண்டது. மழையில் காட்டுக்குள் சிக்னலும் போய்விட்டது. செவ்வாய் காலை யூனிட் போனை எடுத்துக்கொண்டு சப்போர்ட் வண்டி டிரைவர் மூன்று பேரோடு தரைப்பாலத்தைத் தாண்டி முன்னால் வந்தார். வேலுவை ஏற்றிய மெயின் வண்டி பின்னால் வருவதற்குள் பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. திரும்பிப் போக வழியில்லை. அந்த ஊரில் போனில் பேச்சு கேட்காது, மெசேஜ் மட்டும் எப்படியோ போகும். ஒரு யூனிட்டின் இரண்டு வண்டி இரண்டு இடத்தில் நிற்கும் என்று நாங்கள் யாருமே நினைத்ததில்லை, அதற்கு என் பன்னிரண்டில் இடமும் வைக்கவில்லை. மனுஷன் இலக்கத்தை ஒழுங்காக அடித்துவிட்டு, சொல்ல வேண்டியதைப் பின்னால் எழுதியிருக்கிறார். பதில் வராததைப் பார்த்து மறுபடி மறுபடி அனுப்பியிருக்கிறார். நான் மறுபடி மறுபடி வெட்டியிருக்கிறேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன். "எங்க தப்புங்க. காரணம் அப்புறம் சொல்றேன். மெயின் வண்டி அக்கரையில மாட்டியிருக்கு, வேலுவுக்குக் கை போயிட்டிருக்கு" என்றேன். அவர் திட்டவில்லை, திட்ட நேரம் இல்லை. அந்த அக்கரைக்குச் சுற்றிக்கொண்டு போக நாலாம் யூனிட்டுக்குத் தெரியாத வேறொரு ரோடு உண்டு, அந்த ரோட்டில் இரண்டாம் யூனிட் நின்றுகொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் அவர்களைக் கிளப்பிவிட்டார். "நாலு மணிக்குள்ள போயிருவானுக. புள்ளைய அங்கயே உக்கார வைங்க, தனியா அனுப்பாதீங்க" என்றார்.

நாலு மணி வரை என்ன செய்வது? பூங்கொடி அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கோப்பைப் பதற்றத்தில் மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள், "நிறுத்துங்க" என்றாள்.

"அதுல என்ர பேரு இருக்குதுங்க."

இருந்தது. ஒன்றல்ல. நாலாம் யூனிட்டிலிருந்து மூன்று வருடமாக மாலை ஐந்தரைக்கு வந்த மெசேஜ்களில், பன்னிரண்டாம் எழுத்துக்குப் பிறகு, 'கொடி' என்று ஆரம்பிக்கும் வால்கள்.

திரைக்கு முன்னால் இருப்பது தன் பெண்டாட்டி என்று வேலுவுக்குத் தெரியும். பத்துப் பேர் நடுவில் போனில் பேச முடியாததை, இலக்கத்துக்குப் பின்னால் ஒரு வரியாகத் தட்டி அனுப்பியிருக்கிறார். தான் அனுப்புவது அப்படியே அவள் கண்ணுக்குப் போகும் என்று நம்பியிருக்கிறார். போகாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? வேறு யூனிட் ஆட்களும் அப்படி எழுதியிருந்தார்கள், அம்மாவுக்கு மாத்திரை வாங்கச் சொல்லி, தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியாததைச் சொல்லி. எதுவும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

"அவரு எழுதுன அத்தனையும் எடுத்துத் தர முடியுங்களா?" என்று கேட்டாள்.

என்னால் முடிந்த ஒரே காரியம் அதுதான். [:12] என்று இருந்ததை [12:] என்று மாற்றினேன். பன்னிரண்டை விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் எடு. எண் அதேதான், இரண்டு புள்ளி மட்டும் பின்னால் போனது. ஓட்டினேன். தேதி வாரியாகப் பிரிண்டரில் வந்து விழுந்தது. தாளைத் தாளாக அவள் மடியில் வைத்தேன். இங்கிலீஷ் எழுத்தை மெல்ல மெல்லக் கூட்டிப் படித்தாள். சிலதை வாய்விட்டுப் படித்தாள்.

'கொடி இன்னைக்கு அறநூறு அடில தண்ணி. நல்ல தண்ணி. ரெண்டு கை அள்ளிக் குடிச்சேன்.'

'கொடி பாப்பாவுக்குக் காய்ச்சல் உட்டுதா.'

'கொடி இங்க ஒரு மரத்துல மயிலு நாலு உக்காந்திருக்குது. நீ பாத்தா சிரிப்ப.'

'கொடி தூக்கமே வரதில்ல. உன்ர சத்தம் கேக்கோணும்.'

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு யாரும் இப்படி ஒரு வரி எழுதியதில்லை. என் வீட்டுக்காரர் போய் இப்போது ஆறு வருடம். அவர் மனதில் எனக்கென்று ஏதாவது வைத்திருந்தாரா என்று எந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பேன்? இன்றைக்கும் சாயங்காலமானால் அடுத்த அறையில் சத்தம் கேட்கிறதா என்று காது அதுவாகப் போகிறது.

இரண்டாம் வருடத் தாள்களில் ஒன்று வந்ததும் பூங்கொடி படிப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் நீட்டினாள். அதில் இருந்தது: 'கொடி நீ படிக்கறயா இல்லயா தெரியல. ஆபீசுல கேக்க முடியாது. நான் வர அன்னைக்குக் கச்சாயம் சுட்டு வெய்யி. படிச்சேன்னு தெரிஞ்சுக்கறேன்.'

தேதியைப் பார்த்தாள். விரலை விட்டு எண்ணினாள்.

"அந்தத் தடவ வந்தப்ப இனிப்பு எதுவும் சுடாம நான் கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சேனுங்க மேடம்" என்றாள். "ஊட்டுக்குள்ள வந்ததும் நேரா அடுப்புகிட்டப் போயிச் சட்டியத் தொறந்து தொறந்து பாத்தாருங்க. அப்பறம் ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஏனுங்க, நாயா ஒழைச்சு வெச்சா இப்படியான்னு நான் சண்டையில்லீங்க போட்டேன்? மூணு நாளு பேசுல."

அப்போதுதான் அவள் அழுதாள்.

அதற்குப் பிறகு வந்த தாள்களில் தேதி மட்டும் இருந்தது. தேதி, பக்கத்தில் ஒன்றுமில்லை. தேதி, பக்கத்தில் ஒன்றுமில்லை. இரண்டு தாள், மூன்று தாள் அப்படியே போயிற்று. கண்ணுகளா, லிஸ்ட்டில் இல்லாத ஓர் இடத்தைக் கேட்டால் பைத்தான் கத்தும், உங்களுக்குத் தெரியும். ஸ்லைஸ் என்கிற இந்த வெட்டு கத்தாது. அங்கே எதுவுமே இல்லை என்றாலும் பிழை காட்டாமல் வெறுமையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

"இதையும் உங்க புரோகிராமு வெட்டிப்போட்டுதுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லச் சொல்லி அவள் முகம் கெஞ்சியது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வினாடி அந்த ஆசை எனக்கு வந்தது. ஏற்கனவே இத்தனை பழி, இன்னொன்று சேர்ந்தால் என்ன, அவளாவது ஆறுதல் அடைவாள் என்று தோன்றியது. ஆனால் ஏற்கனவே ஒரு தடவை அவளிடம் எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லித்தான் ஒருநாள் வீணாய்ப் போனது.

"இல்லைம்மா. அதுக்கப்புறம் அவர் எழுதல" என்றேன்.

நாலே காலுக்கு முதலாளி கூப்பிட்டார். ஆட்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அக்கரையில் இருந்த ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், வேலுவுக்குக் காய்ச்சல் அனலாகக் காய்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார். பூங்கொடி அந்தத் தாள்களை எல்லாம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். திருச்செங்கோடு வரை நானும் கூடப் போனேன்.

அங்கே முதல் ஆபரேஷன் செய்து, பத்து நாள் கழித்து வேலுவைச் சேலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. நான் டாக்டரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். ஒருநாள் முன்னால் வந்திருந்தால் இரண்டு விரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அந்த ஒருநாள் எந்த நாள் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை மதியம் நான் போனை வைத்த நாள். வெட்டியது தெரியாமல் செய்த தப்பு. அந்தப் போனை வைத்தது தெரிந்தே செய்தது. உங்கள் திரைக்கு முன்னால் உட்காருகிறவர் 'இது அவர் அனுப்பினது இல்லை' என்று சொன்னால், உங்கள் புரோகிராமுக்கு வக்காலத்து வாங்காதீர்கள். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. போனை வைக்காமல் மூலக் கோப்பைத் திறங்கள். எனக்கு அதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அடுத்த வாரமே திரையில் வால்களுக்கென்று ஒரு பெரிய கட்டம் வைத்தேன். மற்ற யூனிட் ஆட்கள் எழுதியதை அந்தந்த வீட்டுக்குத் தனித்தனியாக உறையில் போட்டு அனுப்பினேன். அதனால் எந்த விரலும் முளைக்கவில்லை என்பதும் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வேலு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை முழங்கை வரை கட்டு. கட்டில் ஓரத்தில் பூங்கொடி. என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை. வெட்டு போட்டது நான், அவள் பேச்சைக் கேட்காமல் போனை வைத்தது நான், டாக்டர் இப்படிச் சொன்னார் என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

வேலு தன் கைக்கட்டைப் பார்த்தார். "உக்காருங்க மேடம்" என்றார். அந்தத் தப்பைப் பற்றி அவர் இதுவரையிலும் பேசியதில்லை. நான் உட்கார்ந்தேன்.

பூங்கொடி மடியில் அந்தத் தாள்கள் இருந்தன. நான் வருவதற்கு முன்பு எந்த வேலையில் இருந்தார்களோ அதை மறுபடி ஆரம்பித்தாள். ஒரு வரி படிப்பாள், அதற்குப் பதில் சொல்வாள். அவர் கேட்பார்.

"'பாப்பாவுக்குக் காய்ச்சல் உட்டுதா.' அடுத்த நாளே உட்டுருச்சுங்க. கஷாயம் வெச்சுக் குடுத்தேன், துப்பிப்போட்டா."

"ம்."

"'மயிலு நாலு உக்காந்திருக்குது.' எனக்கு மயிலு புடிக்குமுன்னு எப்ப மாமா சொன்னேன்?"

"கண்ணாலத்துக்கு முன்னாடி. உங்க சித்தி ஊட்டுல."

நான் எழுந்து போயிருக்க வேண்டும். கால் வரவில்லை. தாள்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, வெறும் தேதிகள் இருந்த தாள் வந்தது. பூங்கொடி அதைப் பார்த்தாள். முதல் தேதியின்மேல் விரலை வைத்தாள். படிக்க ஒன்றுமில்லை. பதில் சொல்லவும் ஒன்றுமில்லை. அடுத்த கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலு சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். இடது கையை நீட்டித் தாளைத் தன் பக்கம் இழுத்துத் தேதியைப் பார்த்தார்.

"அன்னைக்கு எழுதுனேன் புள்ள" என்றார். "எழுதி, அனுப்பாம அழிச்சுப்போட்டேன்."

"என்னன்னு எழுதுனீங்க?"

"'எப்ப வாரீங்கன்னு ஒருக்காக் கேளு'ன்னு."

பூங்கொடி தாள்களை எல்லாம் கட்டிலில் வைத்தாள். ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனின் முகத்தைப் பார்த்தாள்.

"எப்ப மாமா வாரீங்க?" என்று கேட்டாள்.